நான்காவது கால்

செங்கல்பட்டில் வீடு மாறியபோது எங்கள் சலவை இயந்திரமும் உடன் வந்தது. முதல் நாள் துணி பிழியத் தொடங்கியதுமே அது தடதடவென்று ஆடி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. பழைய வீட்டில் ஒழுங்காக ஓடிய இயந்திரம்தான். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். இரண்டே நாளில் அது நனைந்து நசுங்கியது.

மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்கு மையவிலக்கு விசை நடத்தும்போது இதைச் சொன்னேன். வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா கொத்தனார். "சார், துவைக்கிற இடத்துல தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்பாங்க. ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா?" என்றான். நான் பார்க்கவில்லை.

அன்று கரும்பலகையில் கணக்குப் போட்டோம். தொட்டியின் ஆரம் 25 செ.மீ. ஒரு பக்கமாக ஒதுங்கிய ஈரத்துணி அரை கிலோ. நிமிடத்துக்கு 500 சுற்று என்றால், அது வெளிப்புறம் இழுக்கும் விசை சுமார் 340 நியூட்டன், அதாவது 35 கிலோ எடைக்குச் சமம். 1000 சுற்று என்றால் 140 கிலோ! வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. அந்த இழுப்பும் தொட்டியோடு சேர்ந்து திசை மாறிக்கொண்டே இருக்கிறது.

"வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவுலதானே சார் நிக்குது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. பாறையின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அதன் அடித்தளத்துக்குள் விழுகிறது. அதை ஆட்டும் விசையும் இல்லை. அதனால் நிற்கிறது. இயந்திரமோ தன்னைத்தானே உலுக்கிக்கொள்கிறது.

மேல்மூடி இயந்திரத்தில் தொட்டி, பெட்டிக்குள் கம்பிகளில் தொங்குகிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போலத்தான். பெட்டி சாய்ந்தாலும் தொட்டி செங்குத்தாகவே தொங்கப் பார்க்கும். அப்போது ஒரு பக்கம் இடைவெளி குறைந்து, சுழலும்போது தொட்டி பெட்டியில் இடிக்கும்.

அன்று மாலை செய்தது இதுதான். மின் இணைப்பைத் துண்டித்து, இயந்திரத்தின் மேல் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்தினேன். ஆடியது. மூன்று கால்கள் எந்தத் தரையிலும் பதிந்துவிடும். நான்காவதுதான் சிக்கல். முக்காலி ஆடாததும் நாற்காலி ஆடுவதும் இதனால்தான். பிறகு ரசமட்டத்தை இடவலமாகவும் முன்பின்னாகவும் வைத்துப் பார்த்து, கால் திருகுகளைத் திருகினேன். காலை அதிகம் வெளியே நீட்டக் கூடாது. குமிழி நடுவில் நின்று, நான்கு கால்களும் பதிந்த பின், பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்விலேயே திருகு தளர்ந்துவிடும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் திருகு துருப்பிடித்திருந்தால், முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சமமான தரையில் நின்றும் ஆடினால், துணி ஒரே பக்கம் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். கனமான போர்வையைத் தனியாகப் போட்டால் இப்படி ஆகும். புதிய முன்கதவு இயந்திரம் என்றால், பயணத்துக்காகப் பின்புறம் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றிய பின்பே ஓட்ட வேண்டும்.

வகுப்பில் இதைச் செயல்பாடாக்கலாம். நேரான, ஒளிபுகும் சிறு குப்பியில் சிறிது இடம் விட்டு நீர் நிரப்பி மூடிப் படுக்க வையுங்கள். குமிழி உயர்ந்த பக்கம் ஓடும். எங்கள் வகுப்பில் குப்பியை மேசையில் வைத்ததும், "சமம்" என்றேன். அதே மாணவன், "திருப்பி வச்சுப் பாருங்க சார். அப்பா அப்படித்தான் பாப்பார்" என்றான். முனை மாற்றி வைத்தோம். குமிழி வேறிடத்தில் நின்றது. இரு நிலைகளிலும் ஒரே இடத்தில் நின்றால்தான் தளம் மட்டம். இல்லையென்றால் பிழை குப்பியிலா, மேசையிலா என்று தெரியாது. அளக்கும் கருவியையே சோதிக்கும் இப்பாடத்தை அன்று அவன்தான் நடத்தினான்.

அந்த வாரமே ஆடிக்கொண்டிருந்த இரண்டு மேசைகளை மாணவர்கள் சரிசெய்தார்கள். எங்கள் வீட்டு இயந்திரம் இப்போது சுவரோடு ஒட்டியே நிற்கிறது.