சாய்ந்த மரத்தை விறகாக்கும் முன்: கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: மேற்கு வங்கத்தில் 2020 மே 20-ஆம் தேதி கரையைக் கடந்த ஆம்பன் புயலால் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இத்தகைய மரங்கள் துண்டுகளாக அறுக்கப்பட்டு, இலைகளும் உதிர்ந்தபின், அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்பதை அறிவது கடினம். பெயர் தெரியாத மரத்தை எரிப்பதால் உடல்நலம், சட்டம் ஆகிய இரண்டிலும் சிக்கல் எழக்கூடும்.

அடையாளம் காணும் முறை

கட்டையின் முனையைக் கூரிய கத்தியால் வழவழப்பாகச் சீவி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியால் காண வேண்டும். நுண்துளைகளே இல்லையெனில், அது தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரமாகும். பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி அமைந்திருப்பது தேக்கின் இயல்பு. மாமரத்தில் அவை பரவலாகக் காணப்படும். பட்டை, வைரப்பகுதியின் நிறம், மணம், எடை ஆகியவையும் துணைபுரியும். ஐயம் நீடித்தால், டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தையோ பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தையோ அணுகலாம்.

தவிர்க்க வேண்டியவை

சுந்தரவனம் உள்ளிட்ட அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்களைக் கடுமையாகப் பாதிக்கும். சேங்கொட்டையின் சாறு தோலைக் கொப்பளிக்கச் செய்யும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. இவற்றை அடுப்பில் இடக்கூடாது. வண்ணம் பூசிய, இரசாயனம் ஏற்றிய பலகைகளும் எரிப்பதற்கு உகந்தவை அல்ல. சந்தனம், செம்மரம் ஆகியவற்றை வெட்டவும் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடுகள் உள்ளதால், ஐயமிருப்பின் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

ஈரமே முக்கியம்

நன்கு உலர்ந்த நிலையில், பெரும்பாலான மரங்கள் ஒரு கிலோவுக்குத் தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சவுக்கு, கருவேலம் போன்ற அடர்ந்த மரங்கள் நெடுநேரம் நின்று எரியும். இலவம் போன்ற இலேசான மரங்கள் விரைவில் எரிந்து தீரும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகி, புகை பெருகும். அடுப்பருகே இருக்கும் பெண்களும் குழந்தைகளுமே அதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

ஆகவே கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடிப் பல மாதங்கள் உலர்த்த வேண்டும். முனைகளில் வெடிப்பு தோன்றுவதும், இரு கட்டைகளைத் தட்டும்போது கணீரென ஒலிப்பதும் விறகு காய்ந்ததற்கான அடையாளங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது.