பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு மூன்றே வருடம்

இலங்கையில் பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து வருடம் செல்லுபடியாகும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக மூன்றே வருடம். அதன் பிறகு புதிய கடவுச்சீட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மலையகத்தின் பசறையிலோ ஹாலிஎலயிலோ தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அது லேசான காரியமல்ல. பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைமையகத்துக்கே போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதம் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பிறப்புச் சான்றிதழ். பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு, கூடுதல் சத்தியக்கூற்று என்று வேலை வளரும். தகப்பனின் பெயர் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், பிள்ளையின் விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் பதியப்பட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்தச் சிக்கல் எளிதில் வந்துவிடுகிறது.

இதே தோட்டங்களில் இவர்களின் தாத்தா, பாட்டிமாருக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதே கேள்வியாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. பிறகு பிறக்கும் பிள்ளைகளும் அந்தந்தக் கணக்கிலேயே சேர்ந்தனர். சிறுபிள்ளைகளைப் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே எழுதிச் சேர்க்க முடிந்த காலம் அது. ரயிலில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்கள் பல நீலகிரியில் குடியேறின. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை பெற வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்.

இன்று நீலகிரியின் கோத்தகிரியிலோ கூடலூரிலோ உள்ள சொந்தங்களைப் பார்க்கக் கைக்குழந்தை போவதானாலும், அதற்குத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்; ஒருவருக்கு ஒன்று என்பதே இப்போது உலக வழக்கம்.

பயணம் நிச்சயமாகும் முன்பே பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அடையாள அட்டைகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சான்றிதழில் பிழையிருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். பல நாடுகள் கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும் என்கின்றன. அப்படிப் பார்த்தால் பிள்ளையின் மூன்று வருடத்தில் பயணத்துக்கு உதவுவது இரண்டரை வருடம்தான்.