துண்டுத் துணியும் துணையாகும்



நம்மில் பலர் வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். ஆசையோடு திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். உள்ளே ஊசியும் நூற்கண்டும், கழன்று விழுந்த பொத்தான்களும், ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய துண்டுத் துணிகளும் இருக்கும். "எதற்காவது உதவும்" என்று பாட்டியோ அம்மாவோ சேர்த்து வைத்தவை அவை.

ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் அந்த டின்னைத் திறப்பவர் குறைவு. "கையால் தைத்து என்ன ஆகப் போகிறது? அதற்கெல்லாம் நேரம் ஏது, வசதி ஏது?" என்று கேட்கிறோம். நேரமும் வசதியும் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியதா கைவேலை? இக்கேள்விக்கு விடை தேட, சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கிக்குச் சற்றே சென்று வருவோம்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே இங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்கள் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டன. 1936-இல் ஏறத்தாழ 600 கைதிகளுக்கென்று கட்டப்பட்ட சிறை அது. அதில் ஏறக்குறைய 3,000 பேர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பகுதி. பெண்களும் குழந்தைகளும் வேறொரு பகுதி. படையில் இருந்த கணவன்மாரோ வேறு முகாம்களில் கைதிகளாக இருந்தார்கள். கடிதம் எழுத வழியில்லை. கணவன் உயிரோடிருக்கிறானா என்பது மனைவிக்குத் தெரியாது. மனைவியின் நிலை கணவனுக்குத் தெரியாது.

அந்தச் சிறையில் சுமார் 20 சிறுமியர் ஒரு சாரணியர் குழுவாக வாரந்தோறும் ஒரு மூலையில் கூடினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி. அவருடைய பிறந்தநாளுக்கு அவர் அறியாமல் ஒரு பரிசு தயாரிக்க அச்சிறுமியர் எண்ணினர். கடை ஏது, காசு ஏது? கிழிந்த உடுப்புகளிலிருந்தும் மிஞ்சிய துணிகளிலிருந்தும் சிறு சிறு துண்டுகளைச் சேர்த்து, அறுகோணங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைத்தார்கள். தங்கள் பெயர்களையும் அதில் நூலால் எழுதினார்கள். அந்தப் போர்வை இப்போது பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கனடாவைச் சேர்ந்த எத்தல் முல்வானி என்ற பெண்மணியின் முயற்சியால், ஒவ்வொருவருக்கும் ஒரு சதுர வெள்ளைத் துணி கொடுக்கப்பட்டது. உங்களுடையதாக ஏதேனும் ஒன்றை இதில் தையுங்கள், பெயரையும் போடுங்கள் என்பதே வேண்டுகோள். ஒருத்தி மலரைத் தைத்தாள். ஒருத்தி கப்பலைத் தைத்தாள். ஒருத்தி தான் அடைபட்டிருந்த சிறையையே தைத்தாள். தனக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியைக் கணவனுக்குச் சொல்ல, ஒரு தாய் நீல நாடா கட்டிய முயற்குட்டியைத் தைத்தாள் என்று சொல்வார்கள்.

இப்படி 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை. அவ்வாறு தைத்த போர்வைகளுள் இன்றும் நிலைத்திருப்பவை மூன்று. காயமுற்ற வீரர்களுக்காக மருத்துவமனைக்கு அனுப்புவதாகச் சொல்லி அனுமதி பெற்றார்கள். அந்த அனுமதி கிடைக்க வேண்டுமென்பதற்காகவே, காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கென்றும் ஒரு போர்வை தைத்தார்கள். அதில் ஜப்பானிய ஆண்டுக் கணக்குப்படி 2602 என்று ஆண்டு குறித்திருக்கிறார்கள். 'உலர் சலவை செய்வது நலம்' என்ற பொருளில் ஒரு குறிப்பையும் தைத்து வைத்தார்கள்! நீர் நிறைந்த வாளிகூட அரிதான இடத்தில் உலர் சலவையா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களும் சிரித்துக்கொண்டேதான் தைத்திருப்பார்கள்.

போர்வைக்கு அடியில் படுத்திருந்த வீரனுக்கு அது கதகதப்பு மட்டுமன்று. அதிலிருந்த பெயர்கள் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குச் சென்றன. ஒரு பெயரைக் கண்டால் போதும், 'அவள் உயிரோடிருக்கிறாள்' என்று பொருள். கடிதம் செல்ல முடியாத இடத்துக்கு ஊசி சென்றது.

பழைய சிறையின் வாயிலும் சுவரும் 2016-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. அவ்வழியே செல்லும்போது, அந்தச் சுவருக்குப் பின்னால் ஊசியும் நூலும் செய்த வேலையையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

நேயர்களே, நமக்கு அத்தகைய துன்பம் இல்லை. ஆயினும் மனம் அலைபாயும் நேரங்கள் நமக்கும் உண்டு. கை ஒரு வேலையில் ஒன்றும்போது மனமும் அதன் பின்னே வந்து அமர்கிறது. தைத்த அளவு கண்ணுக்குத் தெரிகிறது. இன்று இவ்வளவு முடித்தோம் என்ற நிறைவு உண்டாகிறது.

அச்சிறுமியர் செய்த அறுகோண வேலையை நாமும் செய்து பார்க்கலாம். பிள்ளைகளின் கணக்குப் பெட்டியில் உள்ள கவராயத்தை எடுத்து, இரண்டரை சென்டிமீட்டர் ஆரத்தில் தடித்த அட்டையில் ஒரு வட்டம் வரைவோம். அதே அளவைக் குறைக்காமல், வட்டத்தின் விளிம்பில் ஆறு முறை குறித்துக்கொண்டே வந்தால், தொடங்கிய இடத்திலேயே சரியாக வந்து முடியும். அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் அறுகோணம் கிடைத்துவிடும். அதை வெட்டி எடுத்து, அதே அளவில் பழைய தாள்களைப் பல துண்டுகளாக வெட்டிக்கொள்வோம்.

துணியைச் சுற்றிலும் ஓர் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே விட்டு வெட்ட வேண்டும். தாளைத் துணியின் நடுவில் வைத்து, ஓரங்களை மடித்து, பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுக்கொள்வோம். பிறகு இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உட்புறமாக இருக்கும்படி சேர்த்துப் பிடித்து, விளிம்பு நுனியில் சிறு சிறு தையலாகச் சுற்றித் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு மலர். ஒரு துண்டின் ஆறு பக்கமும் இணைந்த பிறகே உள்ளிருக்கும் தாளை உருவ வேண்டும். தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்தும். ஆகவே எந்தப் பக்கமும் வளர்த்துக்கொண்டே போகலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். துணிகளை முதலில் துவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் தைத்த பிறகு சில துண்டுகள் சுருங்கி மற்றவற்றை இழுக்கும். பருத்தியோடு பருத்தியையே சேர்க்க வேண்டும். நைந்துபோன துணியோடு முரட்டுப் புதுத்துணியைச் சேர்த்தால் நைந்தது விரைவில் கிழிந்துவிடும்.

நாற்பது சென்டிமீட்டர் மெத்தைத் தலையணை உறையின் ஒரு பக்கத்திற்கு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட துண்டுகள் வேண்டும். நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்குள் துண்டுகள் யாவும் தயாராகிவிடும். சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும், அடுப்பில் பருப்பு வேகும் நேரத்திலும் ஒரு துண்டை முடித்துவிடலாம்.

அதில் மகளின் பள்ளிக்கூட உடுப்பும், தாத்தாவின் சட்டையும், குழந்தைக்குத் தூளி கட்டிய பழைய சேலையும் ஒன்றாய் இருக்கும். கடையில் வாங்கும் உறையில் அது கிடைக்குமா?

முடித்தவுடன் ஒரு காரியம் செய்ய மறக்க வேண்டாம். மூலையில் நம் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதிவைப்போம். இது வீண் பெருமைக்காக அன்று. சாங்கியில் ஒரு பெயர் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையாக இருந்தது. நம் வீட்டிலும், நாளை ஒரு பேத்தி அதைத் தடவிப் பார்த்து, 'இதை என் பாட்டி தைத்தாள்' என்று சொல்லட்டும்.

இன்று மாலையே அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறப்போமா?