அந்தக் கடைசி டிராயர்!

பேய்க் கதை என்றால் எனக்குப் பேயைவிட மந்திரவாதியைத்தான் பிடிக்கும். பேய் பாட்டுக்கு ஒரு மூலையில் நின்று விசும்பிக் கொண்டிருக்கும். மந்திரவாதி நுழைந்தால்தானே சார் கதையே சூடு பிடிக்கும்! ஜப்பான் பேய்க் கதைகள் பக்கம் நான் போனதே அபே நோ செய்மெய் என்ற மகானுபாவருக்காகத்தான்.

ஆசாமி கற்பனை இல்லை. 1005-ல் காலமானவர். அரசவையில் நாள், கிரகம், சகுனம் பார்த்துச் சொல்லும் உத்தியோகம். அதாவது, கவர்ன்மென்ட் சர்வன்ட்! 'கொன்ஜாகு மொனொகதாரி' என்ற பழைய கதைத் தொகுப்பு அவரை எங்கேயோ தூக்கிக் கொண்டுபோய் விட்டது. ஒரு இலையைக் கிள்ளி, முணுமுணுத்து வீசுவார்... தவளை சப்பென்று நசுங்கிச் செத்துவிடும். அவர் வீட்டில் ஆளே இல்லாமல் கதவு திறக்கும், மூடும். கண்ணுக்குத் தெரியாத ஏவலாட்களின் வேலை. (எங்கள் ஆபீஸில் ஆள் இருந்தும் திறப்பதில்லை.) 2001-ல் அவர் கதை சினிமாவாக வந்து சக்கைப் போடு போட்டது. அந்தப் பட இசைக்கு ஆடித்தான் யுஸுரு ஹன்யூ 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினார். ஆயிரம் வருஷம் கழித்தும் மனுஷருக்கு என்ன மவுசு பாருங்கள்!

என் ஹீரோ பக்திக்கு வேட்டு வைத்தது ஒரு குட்டிக் கதை. லஃப்காடியோ ஹெர்ன் என்பவர் கிரேக்கத் தீவில் பிறந்து, 1890-ல் ஜப்பானுக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு ஜப்பானியராகவே ஆகிவிட்டவர். 1904-ல் அவர் எழுதிய 'க்வைதான்' தொகுப்பில் இருக்கிறது.

ஓ-சோனோ பணக்கார வியாபாரியின் பெண். கியோட்டோவில் படித்துவிட்டு வந்து, கல்யாணமாகி, ஒரு பையனும் பிறந்து, சின்ன வயசிலேயே இறந்து விடுகிறாள். ஈமச் சடங்கு முடிந்த அன்று ராத்திரி பையன் சொல்கிறான்: "அம்மா வந்திருக்கா... மாடி ரூம்ல இருக்கா. என்னைப் பார்த்துச் சிரிச்சா, பேசலை."

ஓடிப்போய்ப் பார்த்தால், டிராயர் வைத்த அலமாரி முன்னால் நிற்கிறாள். இடுப்புக்குக் கீழே புகை மாதிரி கரைந்து போயிருக்கிறது. கண் மட்டும் அலமாரி மேல். யாரையும் பயமுறுத்தவில்லை, பாவம்.

'ஆசைப்பட்ட சாமான் போலிருக்கு' என்று மாமியார் எல்லாத் துணிமணியையும் கோயிலுக்குக் கொடுத்து விடுகிறார். மறுநாளும் வந்து நிற்கிறாள். அதற்கடுத்த நாளும்.

கடைசியில் தைகென் என்ற பெரிய சாமியார் வருகிறார். அட, இனிமேல்தான் ஆக்‌ஷன் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ம்ஹூம்! மந்திரம் ஒன்றை உச்சரித்துவிட்டு அவர் கேட்கிறார்: "உனக்கு உதவத்தாம்மா வந்திருக்கேன். இந்த அலமாரியில் ஏதாவது மனசை உறுத்துதா? தேடட்டுமா?"

தலை லேசாக அசைகிறது.

நாலு டிராயரும் காலி. யோசித்துவிட்டு, அடியில் விரித்திருந்த காகிதத்தை ஒவ்வொன்றாகத் தூக்குகிறார். கடைசி டிராயரில் ஒரு கடிதம். "இதுதானா? எரிச்சுடட்டுமா?" தலை குனிகிறாள். "என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க." அவ்வளவுதான், சிரித்துவிட்டு மறைந்து போகிறாள். கியோட்டோவில் இருந்த காலத்தில் யாரோ எழுதிய காதல் கடிதம். அதில் என்ன எழுதியிருந்தது என்பது சாமியாரோடு போய்ச் சேர்ந்தது.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான். இதெல்லாம் ஒரு மந்திரவாதியா? செய்மெய்யாக இருந்தால் ஒரே இலை, விஷயம் க்ளோஸ்! ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டிருப்பாரா?

போன வருஷம் அம்மா போனார். பதினாறாம் நாள் கழித்து, அக்காவும் நானும் அம்மாவின் பீரோவைக் காலி செய்தோம். புடவைகள், சில்லறை டப்பா, என் ஸ்கூல் மார்க் ஷீட்கள்... கடைசித் தட்டில் பழைய நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. ஒரு ஓரம் கொஞ்சம் உப்பலாகவே இருந்தது.

"டேய், அந்தப் பேப்பரையும் உருவிப் போடுடா. பூச்சி இருக்கும்" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா" என்றேன்.

பீரோ இப்போது என் ரூமில்தான் இருக்கிறது. மேல் தட்டுகளில் என் சட்டைகள். கடைசித் தட்டில் எதுவும் வைப்பதில்லை.