ஒட்டும் முன் ஒரு நிமிடம்!

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“ஸ்கிராப் புத்தகமா? படத்தை வெட்டு, பசையைத் தடவு, ஒட்டு. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?” என்று சென்ற ஆண்டுவரை நானும் கேட்டவள்தான். இன்று அப்படிக் கேட்க மாட்டேன். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயின் தாயாரை நான் அம்மாச்சி என்று அழைப்பேன். அவர் பள்ளி மாணவியாக இருந்தபோது செய்த ஸ்கிராப் புத்தகம் ஒன்று, கோடை விடுமுறையில் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தது. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்ற செய்தியை அம்மாச்சி அதில் வெட்டி ஒட்டியிருந்தார். அந்தத் தாள் தேநீர் நிறமாகி, விரல் பட்டதும் அப்பளம் போல் நொறுங்கியது. செல்லோடேப் ஒட்டிய இடங்களில் டேப் உதிர்ந்துபோய், பழுப்புக் கறை மட்டும் எஞ்சியிருந்தது.

அடுத்த பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அம்மாச்சியின் தாயார் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. அந்த அம்மையாருக்கு எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே படந்தான். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அம்மாச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படத்தின் பின்புறம் முழுவதும் மைதாப் பசை தடவி ஒட்டியிருந்ததை நான் அறியவில்லை. ஓரத்தில் அடிக்கோலைச் செருகி இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். படம் குறுக்கே கிழிந்து, முகத்தின் பெரும்பகுதி பழைய தாளோடு சிதைந்து நின்றுவிட்டது.

நான் அழுதேன். அம்மாச்சி சற்று நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விடும்மா, எனக்குத்தான் அந்த முகம் தெரியுமே” என்றார். எனக்கும் என் தம்பிக்கும் அது இனித் தெரியப்போவதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அதே பக்கத்துக்கு எதிரில் அம்மாச்சியின் முதல் நற்கருணை நினைவுப் படம் இருந்தது. நான்கு மூலைகளிலும் சிறு காகித முக்கோணங்களை வைத்து, அவற்றுள் படத்தைச் செருகியிருந்தார்கள். அது நேற்று வைத்ததுபோல் கையோடு வந்தது. ஒரே புத்தகம், ஒரே பெட்டி, ஒரே நாற்பது ஆண்டுகள். ஒன்று போயிற்று, ஒன்று பிழைத்தது. ஏன்? இந்தக் கேள்வியை எங்கள் நூலகச் சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் விளக்கியவற்றையும் பின்னர் நானே படித்து அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

‘ஸ்கிராப்’ என்றால் துண்டு, துணுக்கு என்று பொருள். ‘ஆல்பம்’ என்பது ‘வெள்ளை’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பூக்கள், பறவைகள், குழந்தைகள் ஆகிய வண்ணப் படங்களைப் புடைப்பாக அச்சிட்டு, உருவத்தை ஒட்டியே வெட்டி, தாள் தாளாக விற்றார்கள். இவற்றில் பெரும் பகுதி ஜெர்மனியில் அச்சானவை. இத்துணுக்குகளை வாங்கி ஒட்டி வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்த பொழுதுபோக்காயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கும் இதில் பெரும் பற்று. பசை பூசும் தொல்லை வேண்டாம் என்று, பக்கங்களில் முன்னதாகவே பிசின் தடவி உலர்த்திய ஸ்கிராப் புத்தகம் ஒன்றை அவர் அமைத்து, 1873ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். தபால்தலையை நனைப்பதுபோல் நனைத்து ஒட்ட வேண்டியதுதான்!

இக்கலை பிற்காலத்தில் புத்துயிர் பெற்றதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரிலென் கிறிஸ்டென்சன் என்னும் குடும்பத் தலைவி ஒரு முக்கிய காரணம். 1980ஆம் ஆண்டு சால்ட் லேக் நகரில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தம் குடும்பத் தொகுப்புகளை அவர் காட்சிக்கு வைத்தார். அழகைப் போலவே நீடித்து நிற்பதும் முக்கியம் என்ற எண்ணம் அதன்பின் பரவியது. இன்று 12 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள பக்கமே இக்கலையில் மிகுதியாகப் பயன்படும் அளவு.

தாள்

செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழால் ஆனது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் படும்போது லிக்னின் மஞ்சளாகும், அமிலமும் உண்டாகும். அமிலம் தாளின் நார்களைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். ராகேஷ் சர்மாவின் செய்தி நொறுங்கிய காரணம் இதுவே. அந்த அமிலம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் படத்துக்கும் பரவும் என்பது கூடுதல் ஆபத்து.

‘ஆசிட் ஃப்ரீ’ என்று தாளில் எழுதியிருந்தால், அது அமிலம் அற்ற தாள் என்று பொருள். பி.எச். மதிப்பு 7 என்றால் நடுநிலை என்று அறிவியல் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். நல்ல தாளின் மதிப்பு 7 அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். சில தாள்களில் பின்னால் உண்டாகும் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட்டைக் கலந்திருப்பார்கள். ‘லிக்னின் ஃப்ரீ’ என்பதையும் சேர்த்துப் பார்த்து வாங்குவது நலம். ‘கார்ட்ஸ்டாக்’ என்பது சாதாரணத் தாளைவிடத் தடித்து, அட்டையைவிட மெலிந்த தாள். பக்கத்துக்கு அடித்தளமாக அமைவது இதுதான்.

ஒட்டும் பொருள்கள்

மைதாப் பசை மலிவானது, வீட்டிலேயே காய்ச்சலாம். ஆனால் மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து! பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் நஞ்சு, அமிலத்தன்மையும் உடையது. ஆகவே நம் புத்தகத்துக்கு அது வேண்டாம். மாவுப் பசையில் ஒரு நன்மையும் உண்டு: ஈரம் பட்டால் இளகும். என் கொள்ளுப்பாட்டியின் படத்தை இத்தொழில் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால், பதமாக ஈரம் காட்டி எடுத்திருக்கக்கூடும். நான்தான் உலர்ந்த நிலையில் இழுத்துவிட்டேன்.

செல்லோடேப் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதன் பிசின் நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். ஊறிய கறையைப் போக்குவது கடினம். 1970களிலும் 1980களிலும், ஒட்டும் பிசினுள்ள பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் உறை மூடிய ஆல்பங்கள் பலர் வீட்டில் இருந்தன. அவற்றில் பல படங்கள் எடுக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் படத்தை இழுக்காதீர்கள். முதலில் அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது, அம்மாச்சி நினைவுப் படத்துக்குச் செய்த ‘போட்டோ கார்னர்’ என்னும் மூலை முக்கோணம். பசை அதன் முதுகில் மட்டுமே இருக்கும். படத்தில் ஒரு துளியும் படாது. கடையில் கிடைக்காவிட்டால் நல்ல தாளில் நாமே மடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை வாங்குங்கள். பி.வி.சி. உறை படத்தைக் கெடுக்கும்.

கருவிகள்

கூரிய சிறு கத்தரிக்கோல், எஃகு அடிக்கோல், கட்டர் கத்தி, அதன்கீழ் விரிக்கும் வெட்டுப் பலகை ஆகிய நான்கும் இருந்தால் தொடங்கிவிடலாம். கட்டரைப் பிளாஸ்டிக் அடிக்கோலோடு பயன்படுத்தினால் அடிக்கோலும் சிதையும், விரலும் தப்பாது. சிறிய தங்கைகள் பெரியவர்கள் துணையின்றிக் கட்டரைத் தொட வேண்டாம். ‘போன் ஃபோல்டர்’ என்பது புத்தகம் கட்டுபவர்கள் தாளைத் தேய்த்து மடிக்க உதவும் மழுங்கிய தகடு. முற்காலத்தில் எலும்பில் செய்ததால் அந்தப் பெயர். அது இல்லையேல் கரண்டியின் பின்புறம் போதும். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் மட்டும் வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் அவை துருப்பிடிக்கும்.

எழுதுவதற்கு மங்காத, நீரில் கரையாத நிறமி மைப் பேனா நல்லது. படத்தின் பின்புறம் பெயர் எழுதுவதானால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுத வேண்டும்.

அடிக்கடி கேட்கும் சொற்கள்

லேஅவுட்: பக்கத்தில் எது எங்கே வரவேண்டும் என்னும் அமைப்பு. கோலத்துக்கு முதலில் புள்ளி வைப்பதுபோல், எல்லாவற்றையும் ஒட்டாமல் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொட வேண்டும்.

குரோப்: படத்தில் வேண்டாத ஓரத்தை வெட்டுதல். நகலில் மட்டுமே வெட்டுங்கள். இன்று வேண்டாததாகத் தோன்றும் ஓரத்தில்தான் பழைய வீட்டுத் திண்ணையோ கிணற்றடியோ இருக்கும்.

மேட்: படத்துக்குப் பின்னால், சுற்றிலும் சிறிது தெரியும்படி வைக்கும் வண்ணத்தாள். சேலைக்குக் கரைபோல் படத்தை எடுத்துக்காட்டும்.

டை கட்: அச்சுக் கத்தியால் பூ, விண்மீன் முதலிய உருவங்களாக வெட்டிய தாள்.

எம்பெலிஷ்மென்ட்: ரிப்பன், பொத்தான், சமிக்கி போன்ற அலங்காரங்கள். அளவோடு இருக்கட்டும். புடைத்த பொருள்கள் எதிர்ப்பக்கப் படத்தை அழுத்தித் தடம் பதிக்கும்.

ஜர்னலிங்: படத்தைப் பற்றி நம் கையால் எழுதும் குறிப்பு. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பவை அதில் வரவேண்டும். இச்சொற்களுள் இதுவே மிக முக்கியமானது என்பேன். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறை கழிந்தால் யாரோ ஒருவரின் படம்.

மறக்கக் கூடாதவை

முதலாவது, வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கும் படத்தையோ கடிதத்தையோ ஒருபோதும் ஒட்டாதீர்கள். நகலை ஒட்டி, மூலத்தை உறையில் வையுங்கள். இரண்டாவது, பழைய படத்தைத் தொடும் முன் கைப்பேசியிலாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. மூன்றாவது, செய்தித்தாள் துண்டை அப்படியே ஒட்டாமல் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். நான்காவது, எதை ஒட்டினாலும் “இதை மீண்டும் சேதமின்றி எடுக்க முடியுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாவது, புத்தகத்தைப் பரணிலோ தரையிலோ வைக்காமல், ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைத்து, அவ்வப்போது பிரித்துப் பாருங்கள்.

இப்போது நானும் அம்மாச்சியும் ஒரு புதிய புத்தகம் செய்துகொண்டிருக்கிறோம். கிழிந்த அந்தப் படந்தான் அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. நான்கு மூலை முக்கோணங்களில் செருகியிருக்கிறேன். ஒரு துளிப் பசையும் படவில்லை. கீழே அம்மாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வார். பிள்ளைகள் உண்ட பிறகே உண்பார். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் அம்மாச்சி எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுதி முடித்ததும் அம்மாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். “மூக்குத்தியை விட்டுவிட்டாயே! வலது பக்கம், ஒற்றைக் கல்” என்றார். அதையும் சேர்த்துவிட்டேன்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் உள்ள முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்களும் இருப்பார்கள். கத்தரிக்கோலையும் பசையையும் பிறகு தேடலாம். பென்சிலை எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.