கேள்விக்கு என்ன விலை?

பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கிறார். அது ஏற்கப்பட்டால் அமைச்சர் விடை கூறியே தீர வேண்டும். அதன் பொருட்டுச் செயலகத்தில் கோப்புகள் தூசி தட்டப்படும். உறங்கிக் கிடந்த அதிகாரிகள் விழித்துக்கொள்வர். அந்த ஒரு கேள்வியால் வறண்ட ஊருக்குக் குடிநீர் வரலாம். யாரோ ஒரு வணிகருக்குக் கொள்ளை ஆதாயமும் வரலாம். கேள்வியை உறுப்பினரின் கையில் கொடுத்து அனுப்பியவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் பங்குகளில் திருவிழாக் கணக்கை ஒருவர் எழுத மற்றொருவர் சரிபார்க்கின்றார். எழுதுபவர் மீது நமக்கு ஐயம் என்று இதற்குப் பொருளன்று. பழிச்சொல்லினின்றும் சோதனையினின்றும் அவரைக் காக்கவே இந்த ஏற்பாடு. நாட்டுக்கே சட்டம் இயற்றுவோருக்கு இத்தகைய காப்பு வேண்டாமா? இதற்கான விதிகள் நம் நாட்டில் எவ்வாறு தோன்றின, எங்கே தேங்கி நின்றன என்பதைச் சற்று நோக்குவோம்.

விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1951ஆம் ஆண்டு. எச். ஜி. முத்கல் என்னும் உறுப்பினர், பம்பாயின் தங்கம், வெள்ளி வணிகர் சங்கத்திடம் பொருள் பெற்றுக்கொண்டு, அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் கேள்விகள் கேட்டார், மசோதாவில் திருத்தங்கள் கொண்டுவர முனைந்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. முத்கல் ஆளும் காங்கிரசைச் சேர்ந்தவர். எனினும் பிரதமர் நேரு இதனை மூடி மறைக்க எண்ணவில்லை. விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தைத் தாமே கொண்டுவந்தார். குழுவின் தலைவராக அமர்ந்தவர் நம் தமிழகத்தின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் மெய்யென்று குழு கண்டது. அவை தீர்ப்பளிக்கும் முன்னரே முத்கல் பதவி விலகல் கடிதத்தை நீட்டிவிட்டார். விலகிவிட்டாரே, போகட்டும் என்று அவை விட்டுவிடவில்லை. வெளியேற்றப்படத் தக்கவர் என்பதைப் பதிவு செய்ததுடன், அக்கடிதத்தின் வாசகமே அவையை அவமதிப்பதாகும் என்றும் குறித்தது.

விலைபோன கேள்வியை விசாரித்த அதே கிருஷ்ணமாச்சாரியை, விலைபோகாத ஒரு கேள்வி ஏழாண்டுகளுக்குள் பதவியினின்று இறக்கியது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் தொழிலதிபரின் ஆறு நிறுவனப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஏழை எளியோர் கட்டிய பிரீமியப் பணம், நொடிந்துகொண்டிருந்த நிறுவனங்களுக்குப் போனது எதற்காக? அவையில் எழுந்து இதனைக் கேட்டவர் பெரோஸ் காந்தி. ஆளும் கட்சியின் உறுப்பினர், பிரதமரின் மருமகனும்கூட! பம்பாய்த் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். அப்போது நிதியமைச்சராயிருந்த கிருஷ்ணமாச்சாரி ஒரு காசேனும் பெற்றார் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று முடிவாகியது. 1958 பிப்ரவரியில் அவர் விலகினார். ஒரு கேள்விக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆற்றலை விற்பது எத்தகைய குற்றம் என்பதும் இதனாலேயே விளங்கும்.

பின்னர் 1962இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, ஊழல் தடுப்பு முறைகளை ஆராய மற்றொரு தமிழரான கே. சந்தானம் தலைமையில் குழு அமைத்தார். 1964இல் வந்த அதன் அறிக்கையின் பயனாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் வகுக்க வேண்டும் என்றும் அக்குழு கூறிற்று. அதிகாரிகளைக் கண்காணிக்க ஆணையம் உடனே வந்தது. உறுப்பினர்களைப் பற்றிய பரிந்துரையோ நெடுங்காலம் உறங்கியது. மாநிலங்களவை தன் நெறிமுறைக் குழுவை அமைத்தது 1997இல், மக்களவை 2000இல். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட உறக்கம்!

இதற்கிடையில் நடந்ததொன்று விந்தையிலும் விந்தை. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 14 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அரசைக் காக்க வாக்களித்தவருள் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவினர் சிலர் பணம் பெற்றனர் என்று வழக்கு வந்தது. 1998இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்புக் கூறியது. அவையில் அளித்த வாக்குக்காக உறுப்பினர் மீது வழக்குத் தொடர அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு இடங்கொடாது. எனவே பணம் வாங்கி வாக்களித்தவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கினார் எனப்பட்டும் வாக்களிக்காத ஒருவருக்கு மட்டும் அப்பாதுகாப்பு இல்லை! கையூட்டுக்கு நாணயமாக உழைத்தவர் தப்பலாம், ஏமாற்றியவர் மாட்டுவார் என்றால் எளிய மக்கள் நகைக்க மாட்டார்களா? இந்த நிலை 26 ஆண்டுகள் நீடித்தது. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் எழுவர் அமர்வு ஒருமனதாக அதனை மாற்றியது. கையூட்டுப் பெற இசைந்த கணமே குற்றம் நிறைவுறுகிறது. பின்னர் எப்படி வாக்களித்தார், எப்படிப் பேசினார் என்பது பொருட்டன்று என்று நீதிபதிகள் கூறினர்.

2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நாட்டை உலுக்கியது. இல்லாத ஒரு சிறுதொழில் சங்கத்தின் பெயரால் செய்தியாளர்கள் உறுப்பினர்களை அணுக, அவர்கள் பணம் பெற்றுக் கேள்விகளைச் சமர்ப்பித்தனர். 15 ஆயிரம் ரூபாய் முதல் 1 இலட்சத்து 10 ஆயிரம் வரை கைமாறியது. அக்கேள்விகளுள் ஒன்று, ஜெர்மனியிலிருந்து 'யோசேரியன்' எஞ்சின் வாங்க இரயில்வே ஆணை கொடுத்ததா என்பதாகும். அப்படி ஓர் எஞ்சின் உலகில் இல்லை. அஃது ஓர் ஆங்கில நாவலின் கதைமாந்தர் பெயர். கையெழுத்திட்டவர் கேள்வியைப் படித்தேனும் பார்த்திருக்கலாம். பதினொரே நாட்களில், டிசம்பர் 23 அன்று, மக்களவை பதின்மரையும் மாநிலங்களவை ஒருவரையும் வெளியேற்றின. தண்டனை மிகை என்று எதிர்க்கட்சியினர் பலர் வெளிநடப்புச் செய்தனர். வெளியேற்ற அவைகளுக்கு அதிகாரம் உண்டென்று 2007இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

குற்றம் வெளிப்பட்ட பின்னர்த் தண்டிப்பதற்கு நாம் பழகிவிட்டோம். நோய் வருமுன் காக்கும் மருந்து வேறு. மாநிலங்களவையின் விதி 293 அத்தகையது. நிறுவன இயக்குநர் பதவி, ஊதியம் தரும் தொழில், கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், ஊதியத்துடன் கூடிய ஆலோசனைப் பணி, தொழில்முறைப் பணி ஆகிய ஐந்தையும் உறுப்பினர் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். சர்க்கரை ஆலையின் இயக்குநர் சர்க்கரை விலை பற்றிப் பேசுவதில் தவறில்லை. அவர் இயக்குநர் என்பது கேட்போருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவே. மக்களவை விதிகளில் இத்தகைய பதிவேடு இடம்பெறாதது பெருங்குறை என்பதே எம் கருத்து.

முன்கூட்டி எழுதப்பட்ட தெளிவான விதி வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 8 அன்று மகுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரு தொழிலதிபருக்காகக் கேள்வி கேட்டார், தம் கணினிக் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. கடவுச்சொல் கொடுத்ததை ஒப்புக்கொண்ட அவர், பணம் பெற்றதை மறுத்தார். நெறிமுறைக் குழுவில் ஆறுக்கு நான்கு என்று வாக்குகள் பிரிந்தன. அறிக்கை அவையில் வைக்கப்பட்ட அன்றே முடிவும் எடுக்கப்பட்டது. பேச அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. 2024இல் அதே தொகுதி மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவர் குற்றவாளியா அல்லரா என்று இங்கே நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் 1951இல் ஆளும் கட்சி தன் உறுப்பினரையே விசாரித்தது. ஆதலால் அத்தீர்ப்பை எவரும் ஐயுறவில்லை. பெரும்பான்மையோர் எதிரணியினரை விசாரிக்கும்போது, விதியும் முறையும் இன்னும் பன்மடங்கு தெளிவாக இருந்தாலன்றி மக்கள் நம்புவது அரிது.

நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டியிருக்கிறது. தமக்கும் தம் துணைவருக்கும் வருமானம் வரும் வழியையும் காட்ட வேண்டும். தேர்தல் ஆணையம் இவற்றை எவரும் காணுமாறு வெளியிடுகிறது. மீண்டும் போட்டியிடுபவராயின் சென்ற தேர்தலின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இருப்பின் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவார்கள். இரவு உணவுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து, இரண்டு பத்திரங்களையும் வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்க அரைமணி நேரம் போதும்.