படகு ஜன்னலில் போன் நம்பர் எதற்கு?

லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரமாக, லிட்டில் வெனிஸிலிருந்து விக்டோரியா பார்க் வரை ஒருநாள் நடந்து பாருங்கள். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளில் சிலவற்றின் ஜன்னலுக்கு உள்ளே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். "ஊரில் இல்லை, பிரச்னை என்றால் கூப்பிடவும்" என்று எழுதி, கீழே பெயரும் மொபைல் நம்பரும்.

எழுதி வைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கயிறு அவிழ்ந்தால் படகு கால்வாயின் குறுக்கே போய் நிற்கும். நீர்மட்டம் இறங்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே தண்ணீர் ஏறிவிடலாம். நானும் மூன்று வருடமாகப் படகில்தான் குடியிருக்கிறேன். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் கிடையாது. 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, என்னைப் போன்றவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. அதனால் பக்கத்து வீடு என்று ஒன்று நிலைப்பதே இல்லை. ஆபத்து என்றால் முன்பின் தெரியாத யாரோ பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

ஆனால் அந்தச் சீட்டு இன்னொன்றையும் சொல்கிறது: உள்ளே ஆள் இல்லை. கதவில் இருப்பதோ ஒரு பூட்டு. நம்பரை ட்ரூகாலரில் போட்டால் முழுப்பெயர் வரலாம். வாட்ஸ்அப்பில் போட்டால், செட்டிங்கை மாற்றாதவர்களின் குடும்பப் படம் வந்துவிடும். வங்கி ஓடிபி அனுப்புவதும் பெரும்பாலும் அதே நம்பருக்குத்தான். தனியாகப் படகில் இருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நடைபாதைக்கும் அவர் ஜன்னலுக்கும் ஒரு கை தூரம். ராத்திரி பத்து மணிக்கு "நீங்க அந்தப் பச்சைப் படகுல தானே இருக்கீங்க?" என்று ஒரு மெசேஜ் வந்தால், அன்றைக்குத் தூக்கம் போச்சு.

நம்மவர்களுக்கு இது லேசில் உறைக்காது. ஆட்டோ முதுகில் நம்பர், தண்ணீர் லாரியில் நம்பர், கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா, மாமா எல்லோர் நம்பரும். அங்கே அது வியாபாரம், உறவு. ஆனால் ராமேஸ்வரத்து விசைப்படகைப் பாருங்கள். ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவு எண்தான் பக்கவாட்டில் பெரிதாக இருக்கும். அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பது மீன்வளத் துறையின் வேலை.

இங்கேயும் அதே ஏற்பாடு இருக்கிறது. கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் தருகிறது. அது வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணோடு டிரஸ்டின் 0303 040 4040 என்ற நம்பரையும் எழுதி வைத்தால் போதும். பார்த்தவர் அவர்களிடம் சொல்வார், அவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். நடுவில் உங்கள் பெயர் யாருக்கும் போகாது. நேரடியாகவும் கூப்பிடட்டும் என்று நினைத்தால், அதற்கென்றே ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்குங்கள். பெயர் வேண்டாம், படகின் பெயரே போதும். டீசல், நிலக்கரி விற்கும் படகுக்காரர், இன்ஜின் மெக்கானிக், கால்வாய் வாட்ஸ்அப் குரூப் எல்லோருக்கும் அந்த இரண்டாவது நம்பர். அம்மாவுக்கு மட்டும் பழையது. (லைவ் லொகேஷனும் அம்மாவுக்கு மட்டும்தான். அனுப்பாவிட்டால் விடமாட்டார்.)

போட்டோ விஷயத்தில் ஒரு நுணுக்கம். லொகேஷனை ஆஃப் செய்துவிட்டேன், கவலை இல்லை என்பார்கள். கால்வாய்ப் பாலங்கள் பலவற்றில் எண் பலகை உண்டு. படத்தின் மூலையில் அது தெரிந்தால், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று மேப்பில் பிடித்துவிடலாம். அல்பெர்டனில் ஈலிங் ரோடு பக்கம் கட்டினால், நம் கடைகளில் கத்தரிக்காய் வாங்கிய கையோடு ஒரு செல்ஃபி எடுக்கத் தோன்றும். எடுங்கள். படகை அங்கிருந்து நகர்த்திய பிறகு போடுங்கள்.

இன்னொன்று வாக்காளர் பட்டியல். இங்கே சட்டப்படி தங்கியிருக்கும் இந்தியர், இலங்கையர் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் ஓட்டுப் போடலாம். நிலையான முகவரி இல்லாத படகுவாசிகளும், எந்தப் பகுதியோடு தொடர்பு என்று உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்யலாம். ஆனால் இங்கிலாந்தில் பட்டியல் இரண்டு. ஓப்பன் ரெஜிஸ்டர் என்பதைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் பெயர் வேண்டாம் என்று படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும், ஓட்டுரிமைக்கு ஒரு குறையும் வராது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கதையை, லண்டனில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு, அந்தக் கட்டம் படிவத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை.